நாய்க்குத் தலைவன் யார்? ஒரு கொள்கையைப் பற்றிய விமரிசனம்

“நாய் என்பது வீட்டில் வாழும் ஓநாய். ஓநாய்க் கூட்டத்துக்கு ஒரு தலைவன் உண்டு. அந்தத் தலைவன் நீங்கள்தான் என்று காட்டிவிட்டால், நாயின் கோளாறுகள் தாமே அடங்கிவிடும்.” நாய் வளர்க்கும் வாசகர்கள் இந்த மூன்று வாக்கியங்களையும் ஏதேனும் ஒரு வடிவில் கேட்டிருப்பீர்கள். நாய் பழக்குபவர்கள் சொல்கிறார்கள். வளர்ப்பு நூல்களில் காண்கிறோம். கைபேசியில் ஓடும் படங்களில் நாள்தோறும் காட்டுகிறார்கள். இவற்றுள் முதல் வாக்கியம் பாதி உண்மை. இரண்டாவதை, அதைப் பரப்பிய விஞ்ஞானியே திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார். மூன்றாவதை நம்பியதன் பலனாக எங்கள் தெருவில் ஒருவர் கடிபட்டார்.

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். விலங்கியல் என் துறையன்று. ஆயினும் ஓர் அளவு எந்தச் சூழ்நிலையில் எடுக்கப்பட்டது என்று கேட்பது எல்லா விஞ்ஞானத்துக்கும் பொதுவான வழக்கம். அந்தக் கேள்வியுடன் இக்கொள்கையை அணுகுவோம். அதற்குமுன் தெருவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் நான் குடியிருப்பது பனியன் தொழிலையே நம்பிய தெரு. எதிர்வீட்டு அண்ணன், வீட்டின் முன்பகுதியில் பத்துப் பவர் டேபிள் போட்டு, ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். வெட்டிய துணிக்கட்டுகள் நேரங்காலமின்றி வந்திறங்கும். ஆகவே காவலுக்கு ஒரு நாய். பெயர் மணி, ராஜபாளையம் கலந்த வெள்ளை நாய். பகலெல்லாம் கேட்டருகே சங்கிலியில் கிடக்கும், இரவில் அவிழ்த்துவிடுவார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரையும் பார்த்துக் குரைக்கும். தோளில் மூட்டையுடன் வருகிறவரைக் கண்டால் பல்லைக் காட்டி உறுமும். ஒருநாள், மூட்டை தூக்கிவந்த ஒடிசா இளைஞர் ஒருவரின் கால்சட்டையைக் கவ்விவிட்டது.

அண்ணன் பயந்துபோய், கூலி பேசி ஒரு பழக்குபவரை வரவழைத்தார். அவருடைய முறை எளியது. மணி உறுமும்போதெல்லாம் கழுத்தைப் பிடித்து மல்லாக்கத் தள்ளி, அசைவு நிற்கும்வரை அழுத்திப் பிடிப்பது. பத்தே நாளில் உறுமல் அறவே நின்றது. “எஜமானைத் தெரிந்துகொண்டுவிட்டது” என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு அவர் போனார். மூன்றாம் வாரம், அதே இளைஞரின் கெண்டைக்காலை மணி சத்தமின்றிக் கடித்தது.

காயத்தைக் குழாய்நீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். (எந்த நாய் கடித்தாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், மஞ்சளோ சுண்ணாம்போ அப்பக் கூடாது.) தடுப்பூசி நான்கு தவணை. பீஸ் ரேட்டுக்கு வேலை செய்கிறவருக்கு ஒவ்வொரு தவணையும் கூலி இழப்பு. அண்ணன் அதை ஈடுசெய்தார். அன்றிரவு என்னிடம் வந்து, “ஏனுங்க சார், ஆளை வெச்சுப் பழக்கியும் இப்படிப் பண்ணிப்போடுச்சே. நான் கண்டிப்பா இல்லாததுதான் காரணம்னு அந்த ஆள் சொல்றாருங்க. நெசமாவே எம்மேலதான் தப்புங்களா?” என்று கேட்டார். நாயைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடும்படி தெருவே சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது.

இனி ஓநாய்க்கு வருவோம். தலைவன் கொள்கையின் வேர், ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் 1947இல் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சிசாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களை அவர் கவனித்தார். அவை ஒன்றையொன்று மிரட்டி, சண்டையிட்டு, மேல்நிலை கீழ்நிலை வகுத்துக்கொள்வதைக் கண்டார். கவனித்ததில் பிழையில்லை, அவர் கண்டது உண்மையே. ஆனால் எங்கே கண்டார்? பத்து மீட்டருக்கு இருபது மீட்டர் அடைப்பில், பத்து ஓநாய்கள் வரை. நம் ஊர்க் கணக்கில் அது ஐந்து சென்ட் மனை. காட்டில் ஓர் ஓநாய்க் கூட்டம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் திரிவது. அங்கே பிடிக்காத ஓநாய் விலகிப் போய்விடலாம். ஐந்து சென்ட்டில் எங்கே போவது?

வாயுவைச் சிறு கலத்தில் அடைத்து அழுத்தத்தை அளந்துவிட்டு, திறந்த வெளியிலும் அந்த அழுத்தமே இருக்கும் என்று விடை எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் தரமாட்டேன். ஆனால் இக்கொள்கைக்கு உலகம் முழு மதிப்பெண் கொடுத்தது. கொடுக்க வைத்த நூல், அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மீச் எழுதி 1970இல் வெளிவந்த ‘ஓநாய்’. இதை மோசமான நூல் என்று எவரும் சொல்ல முடியாது. ஐல் ராயல் என்னும் ஏரித்தீவில் ஓநாய்கள் மூஸ் மான்களை வேட்டையாடுவதை ஆண்டுக்கணக்கில் நேரில் ஆராய்ந்தவர் அவர். ஆனால் கூட்டத்தின் உள்ளமைப்பைப் பற்றிய பகுதியில், அடைபட்ட ஓநாய்களைப் பற்றி அதுவரை தெரிந்திருந்ததையே தொகுத்துத் தந்தார். ‘ஆல்ஃபா’ என்னும் சொல் பொதுமக்களிடம் பரவ அது பெரிதும் உதவியது.

பின்னர் நடந்ததுதான் இக்கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1986 முதல் மீச், வட துருவத்தை அடுத்த எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் தங்கி, மனிதரைக் கண்டு அஞ்சாத காட்டு ஓநாய்களை அருகிருந்து கவனித்தார். தலைமைக்கான சண்டையை அவர் அங்கே காணவில்லை. கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பமாக இருந்தது: தாய், தந்தை, அவற்றின் ஓரிரு ஈற்றுக் குட்டிகள். பெற்றோர் முன்னே செல்கின்றன, பிள்ளைகள் பின்தொடர்கின்றன. வளர்ந்த பிள்ளைகள் பிரிந்துபோய்த் தம் குடும்பத்தைத் தொடங்குகின்றன. 1999இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டு, ‘ஆல்ஃபா’ என்ற சொல்லைக் காட்டு ஓநாய்களுக்கு வழங்குவது பொருத்தமற்றது என்று எழுதினார். தம் பழைய நூலை அச்சிட வேண்டாமென்று பதிப்பகத்தாரிடம் பலமுறை கேட்டுக்கொண்டார். அச்சு நின்றது 2022இல். விற்றுக்கொண்டிருக்கும் தம் நூலை நிறுத்தச் சொல்லும் ஆசிரியர்கள் எத்தனை பேர்?

ஆனால் திருத்தம் நடந்து வருவதற்குள் தவறு பறந்துபோய்விட்டது. 1978இல் நியூயார்க் மாநிலத்தின் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் எழுதிய நாய் வளர்ப்பு நூல், நாயை மல்லாக்கத் தள்ளி அழுத்தும் முறையைப் பிரபலமாக்கியது. 2002இல் வந்த மறுபதிப்பில் அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். திருப்பூர்த் தெருவுக்கு வந்து சேர்ந்ததோ முதற்பதிப்பின் சரக்கு!

ஓநாயைப் பற்றியே தவறு என்றால், நாயைப் பற்றி என்ன சொல்வது? நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரின் குப்பைமேட்டிலும் அடுப்படியிலும் உருவான பிராணி. இதற்கு ஓநாயைத் தேடிப் போக வேண்டியதில்லை. நம் தெருநாய்களே போதும். கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர் தெருநாய்களை ஆராய்ந்து வருகின்றனர். அறிமுகமற்ற ஒருவர் திரும்பத் திரும்ப வந்து உணவு கொடுப்பதைவிட, தடவிக் கொடுப்பதே தெருநாயின் நம்பிக்கையை மிகுதியாகப் பெற்றது என்று 2017இல் அவர்கள் வெளியிட்டார்கள். அடக்கி ஆளும் தலைவனைத் தேடி அலையும் பிராணி இப்படி நடந்துகொள்ளுமா என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, மணி ஏன் சத்தமின்றிக் கடித்தது? நம் சாயப்பட்டறைகளில் நீராவிக் கொதிகலனைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஓர் அழுத்தமானி இருக்கும். முள் சிவப்புக் கோட்டை எட்டும்போது, முள்ளைப் பிடுங்கிப் போட்டால் அழுத்தம் குறைந்துவிடாது. உறுமல் அந்த முள். “எனக்குப் பயமாயிருக்கிறது, விலகிப் போ” என்று நாய் சொல்லும் வழி அது. பழக்குபவர் முள்ளைப் பிடுங்கினார். போதாததற்கு, மூட்டைக்காரர் தென்படும்போதெல்லாம் கழுத்தில் வலி வருகிறது என்ற புதிய பாடத்தையும் கற்பித்தார். பாவ்லாவின் மணியோசை நாய்களைப் பற்றிப் படித்த மாணவர்களுக்கு இதன் விளைவை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் மேகன் ஹெரனும் உடனாய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. கோளாறுள்ள நாய்களின் உரிமையாளர்கள் 140 பேரைக் கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களுள் 43 விழுக்காட்டினரிடமும், மல்லாக்கத் தள்ளியவர்களுள் 31 விழுக்காட்டினரிடமும் நாய் எதிர்த்துச் சீறியது. இது உரிமையாளர் சொன்னதைத் தொகுத்தது என்பதையும், ஏற்கெனவே கடிக்கும் நாய்கள்தான் இத்தகைய இடங்களுக்கு வரும் என்பதையும் மறக்கலாகாது. எனினும் போர்ச்சுகலில் 2020இல் வெளியான மற்றோர் ஆய்வு, பயிற்சிப் பள்ளிகளுக்கு வந்த 92 நாய்களை நேரடியாகவே சோதித்தது. தண்டனை முறைப் பள்ளிகளில் பயின்ற நாய்களின் உமிழ்நீரில், பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் என்னும் நெருக்கடிச் சுரப்பு உயர்ந்திருந்தது.

தண்டனை பலனே தராது என்று நான் வாதாடவில்லை. தரும், அதனால்தான் ஆபத்து. பத்து நாளில் உறுமல் நின்றதல்லவா? பார்ப்பவருக்கு அது வெற்றியாகவே படும்.

அப்படியானால் குரைப்புக்கு வேறு விளக்கம் வேண்டும். கேட்டருகே கட்டிய நாயின் பக்கமிருந்து பாருங்கள். காலையில் ஷிப்டுக்குப் போகிறவர் வருகிறார், நாய் குரைக்கிறது, அவர் போய்விடுகிறார். அவர் எப்படியும் போகிறவர்தான். நாய்க்கு அது தெரியாது. தன் குரைப்பே அவரை விரட்டியதாக அது கற்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு பேர் இப்பாடத்தைக் கற்பித்தபடி தெருவில் போனால், எந்தப் பழக்குபவரால் ஈடுகொடுக்க முடியும்? ஆகவே முதல் வேலை, பாடத்தை நிறுத்துவது. மணியின் சங்கிலியைப் பின்கட்டுக்கு மாற்றச் சொன்னேன். கேட்டின் கம்பிகளைத் தார்ப்பாயால் மறைத்தோம். இதிலேயே பாதிக் குரைப்பு போயிற்று.

அடுத்து, கால்நடை மருத்துவர். நடத்தைக் கோளாறு என்று சிறப்பு மருத்துவர்களிடம் வரும் நாய்களில், குறைத்து மதிப்பிட்டாலும் மூன்றில் ஒன்றுக்கு உடல்வலி காரணமாகவோ துணைக்காரணமாகவோ இருக்கிறது என்று இங்கிலாந்தின் டேனியல் மில்ஸ் குழுவினர் 2020இல் எழுதினர். மணியின் இடக்காதில் நாட்பட்ட சீழ் இருந்தது. பழக்குபவர் பிடித்து அழுத்திய பக்கம்! காது ஆறிய பிறகும் மூட்டைப் பயம் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நம் மாவட்டத்தில் உடுமலைப்பேட்டையில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியிருக்கிறது; நாயைப் பழக்குபவரிடம் விடுமுன் மருத்துவரிடம் காட்டுவது இனி அவ்வளவு கடினமன்று.

பயத்தைக் குறைக்கும் முறை புதிதல்ல. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலார், முயலைக் கண்டு அலறும் பீட்டர் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் செய்து காட்டினார். குழந்தை விரும்பிய தின்பண்டத்தை உண்ணும்போது முயலை எட்டத்தில் வைத்து, அழாத அளவுக்குச் சிறிதுசிறிதாக அருகே கொண்டுவந்தார். தூரம்தான் இங்கே மருந்தின் அளவு. மணிக்கும் இதையே செய்தோம். மூட்டைக்காரர் தென்பட்டதும் ஈரல் துண்டு. மறைந்ததும் துண்டு நிற்கும். உறுமினால் அடியில்லை, மூட்டை பின்னுக்குப் போகும். கடிபட்ட இளைஞரை இதற்கு அழைப்பது நியாயமல்ல என்பதால் மூட்டை தூக்கியவன் நானே. என் மாணவர்கள் இருவர் டீக்கடையில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். முப்பது மீட்டரில் தொடங்கி எட்டு மீட்டருக்கு வர நான்கு மாதம் ஆயிற்று. நடுவே தீபாவளி வெடியில் மறுபடியும் இருபதுக்குப் போனோம்.

“அன்பு காட்டினால் எல்லாம் சரியாகும்” என்று சொல்லும் எதிர்க்கட்சியினரையும் நான் விட்டுவிடுவதற்கில்லை. ஒன்றரை ஷிப்ட் ஓட்டிவிட்டு இரவு வீடு திரும்பும் குடும்பத்திடம் நாளைக்கு இரண்டு மணி நேரப் பயிற்சி என்று சொல்வது, சொல்லாமலிருப்பதற்குச் சமம். நாங்கள் செய்தது நாளைக்குப் பத்து நிமிடம், அண்ணி காலை டீ குடிக்கும் நேரத்தில். சரக்கு இறங்கும்போது மணிக்கு வாய்க்கூடு. அதற்கும் ஈரல் கொடுத்தே பழக்கினோம்.

பெயரைப் பார்த்து முடிவுகட்டும் பழக்கம் பெரிய இடங்களிலும் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இன நாய்களைத் தடைசெய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. அடுத்த மாதமே கர்நாடக, டில்லி உயர் நீதிமன்றங்கள் அதை நீக்கின. 2022இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த பேராய்வின்படி, தனி நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது சுமார் 9 விழுக்காடே. சங்கிலியின் நீளத்தையும் கட்டிய இடத்தையும் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் எனக்கு அகப்படவில்லை.

அண்ணனின் கேள்விக்கு நான் சொன்ன விடை இது: “கேட்டில் கட்டியது தப்புங்கண்ணா, காதைப் பார்க்காதது தப்பு. கண்டிப்பு இல்லாதது தப்பே இல்லைங்க.” அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, பழக்குபவர் நாயை அழுத்தும்போது அது தம்மையே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், தாம் உள்ளே போய்விட்டதாகவும் சொன்னார்.

மணி இப்போது மூட்டையைக் கண்டால் அண்ணியின் கையைப் பார்க்கிறது. உறுமல் சிலசமயம் திரும்ப வருகிறது. வந்தால் நல்லது என்றே சொல்லியிருக்கிறேன். அந்த ஒடிசா இளைஞர் மட்டும் இன்றும் தெருவின் எதிர்ப்புறமாகவே நடக்கிறார். அவருடைய மூட்டையை அண்ணனே போய் வாங்கிவருகிறார்.