கொலிஸ்டின் தடை: சரியான முடிவு, பாதி வேலை

2019 ஜூலை 19 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் கொலிஸ்டின் மருந்துக்குத் தடை விதித்து அறிவிக்கை வெளியிட்டது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன், இறால் ஆகியவற்றுக்கோ தீவனச் சேர்மானத்துக்கோ அந்த மருந்தை இனி யாரும் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அதைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது: தடை சரியா? அது போதுமா? முதல் கேள்விக்கு உடனே ஆம் என்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்பதேயில்லை.

கொலிஸ்டின் 1940களின் இறுதியில் ஜப்பானில் கண்டறியப்பட்ட மருந்து. சிறுநீரகத்தையும் நரம்பையும் பாதிக்கிறது என்பதால் 1970களிலேயே மனித மருத்துவம் அதை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. கால்நடைத் துறையில் மட்டும் அது தொடர்ந்தது. விலை குறைவு, குடலில் உள்ள ஈ.கோலை கிருமியை நன்றாக அடிக்கும், தீவனத்தில் சிறிதளவு கலந்தால் குஞ்சு சீக்கிரம் எடை போடும். நோயே இல்லாத கோழிக்கும் தினமும் போய்ச் சேரும் பொடியாக அது மாறியது இப்படித்தான்.

அதற்குள் மருத்துவமனைகளில் நிலைமை தலைகீழானது. கார்பாபெனெம் வகை மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் பரவின. என்டிஎம்-1 என்ற எதிர்ப்பு மரபணுவைப் பற்றி 2010இல் லான்செட் குழும இதழில் வந்த கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி; ஆய்வுக்கு எடுத்த கிருமிகளில் கணிசமானவை சென்னையில் கிடைத்தவை. அப்படிப்பட்ட கிருமி ரத்தத்தில் ஏறிய நோயாளிக்குக் கொடுக்க மருத்துவர் கையில் எஞ்சியிருந்த மிகச் சில மருந்துகளில் ஒன்று, தூக்கிப் போட்டிருந்த கொலிஸ்டின். சிறுநீரகம் பாதிக்கப்படும் என்று தெரிந்தே அதை ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசிக் கட்டத்தில் எடுக்கும் மருந்தைக் கோழித் தீவனத்தில் கொட்டிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

2015 நவம்பரில் சீனாவிலிருந்து கொலிஸ்டினை முறியடிக்கும் எம்சிஆர்-1 என்ற மரபணுவைப் பற்றிய செய்தி வந்தது. கொலிஸ்டினின் வேலை எளிமையானது. அதற்கு நேர்மின்னூட்டம், கிருமியின் வெளிச்சவ்வுக்கு எதிர்மின்னூட்டம். ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழித்துவிடும். எம்சிஆர்-1 உள்ள கிருமி தன் சவ்வில் சிறு வேதிக்கூறு ஒன்றைச் சேர்த்து அந்த மின்னூட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது, மருந்து ஒட்டுவதில்லை. அதைவிடக் கவலைக்குரியது அந்த மரபணு இருக்கும் இடம். அது பிளாஸ்மிட்டில் இருக்கிறது. ஒரு கிருமியிலிருந்து வேறொரு இனக் கிருமிக்குக்கூடக் கைமாறக்கூடிய வளையம் அது. பன்றியின் குடலில் உருவான திறன் மனிதனின் குடலிலுள்ள கிருமிக்கு வர, அந்தப் பன்றிக் கிருமி நமக்கு நோய் தர வேண்டும் என்றுகூட இல்லை, சந்தித்தாலே போதும்.

தடைக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் இரண்டு வாதங்களை மதித்துப் பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது: இந்திய மருத்துவமனைகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத கிளெப்சியெல்லா கிருமிகளில் பெரும்பாலானவற்றில் எம்சிஆர் மரபணு இல்லை, அவற்றின் சொந்தக் குரோமோசோமில், குறிப்பாக எம்ஜிஆர்பி என்ற மரபணுவில் ஏற்பட்ட பிறழ்வுதான் காரணம். அதாவது, மனிதர்களுக்குக் கொலிஸ்டின் கொடுத்ததால் மனிதர்களிடமே உருவான எதிர்ப்பு. இது உண்மை. கோழிப் பண்ணைகளால்தான் நம் மருத்துவமனைகளில் கொலிஸ்டின் தோற்றது என்று எழுதுபவர்கள் ஆதாரத்தைத் தாண்டிப் பேசுகிறார்கள். ஆனால் இந்த உண்மையை வைத்துத் தடை தேவையில்லை என்று முடிவு கட்ட முடியாது. குரோமோசோம் பிறழ்வு அந்தக் கிருமியின் வாரிசுகளோடு நிற்கும். பிளாஸ்மிட் அப்படி நிற்பதில்லை. கார்பாபெனெமுக்கு அடங்காத கிருமிகள் ஏற்கெனவே மலிந்த நாட்டில், அவற்றோடு எம்சிஆர் பெருமளவில் சேர்வதற்கு முன்பே வழியை அடைப்பதுதான் விவேகம்.

இரண்டாவது வாதம் கால்நடை மருத்துவர்களுடையது. ஐரோப்பாவிலேயே கொலிஸ்டினுக்கு முழுத் தடை இல்லையே என்கிறார்கள். சரிதான். ஐரோப்பிய மருந்து முகமை அதைக் ‘கட்டுப்படுத்த வேண்டியவை’ என்ற பி வகையில்தான் வைத்திருக்கிறது. நோய் உறுதியாகி வேறு வழியில்லை என்றால் கொடுக்கலாம். ஆனால் அங்கே மருத்துவரின் சீட்டு இல்லாமல் மருந்து கிடைக்காது, எந்த நாட்டில் எத்தனை டன் விற்றது என்ற கணக்கு வெளியாகிறது. இங்கே சீட்டு இல்லாமலே கடையில் டப்பா கைமாறும். ‘சிகிச்சைக்கு மட்டும்’ என்று அனுமதித்திருந்தால், அதே பொடி வேறு லேபிளோடு அதே தீவனத்துக்குப் போயிருக்கும். கண்காணிக்க வலுவில்லாத இடத்தில் முழுத் தடைதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

தடை பலன் தருமா? சீனா காட்டியது. 2017இல் வளர்ச்சியூக்கியாகக் கொலிஸ்டினைப் பயன்படுத்துவது அங்கே நிறுத்தப்பட்டது. 2015இல் 27,170 டன்னாக இருந்த உற்பத்தி 2018இல் 2,497 டன்னாகச் சரிந்தது. குடலில் எம்சிஆர்-1 கிருமியைச் சுமந்த மனிதர்களின் விகிதம் 2016இல் 14.3 சதவீதம், 2019இல் 6.3 சதவீதம். நோயாளிகளின் தொற்றுகளில் கிடைத்த கிருமிகளில் சரிவு மிகச் சிறியதுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பண்ணையில் மருந்தை நிறுத்தினால் மருத்துவமனை மறுநாளே மாறிவிடாது. ஆனாலும் இவ்வளவு பெரிய சமூகத்தில் மூன்றே ஆண்டுகளில் பாதிக்கு மேல் குறைந்தது என்றால், முதல் கேள்விக்கு என் பதில் தயக்கமில்லாத ஆம்.

இனி இரண்டாவது கேள்வி. நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழி ஷெட்டில் பத்து, இருபது கோழிகள் காலையில் செத்துக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை அறுத்துப் பார்த்தால் இதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெண்மையான படலம் போர்த்தியிருக்கிறது. அனுபவமுள்ள மருத்துவருக்கு அது ஈ.கோலை என்று பார்த்தவுடனே தெரியும். எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வைத்தால்தான் தெரியும், அதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். ஷெட்டில் இருப்பதோ ஆயிரக்கணக்கான கோழிகள். பண்ணையாளர் காத்திருக்க மாட்டார். அவர் இடத்தில் நானும் காத்திருக்க மாட்டேன். முன்பு கொலிஸ்டின் கலந்த தண்ணீர்த் தொட்டியில் இப்போது எதைக் கலப்பார்? கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது என்ரோஃப்ளாக்சசின்.

உலக சுகாதார நிறுவனம் 2005 முதல் திருத்தித் திருத்தி வெளியிடும் பட்டியலில் ‘மனிதருக்கு மிக முக்கியமானவை, அவற்றுள்ளும் முதல் முன்னுரிமை’ என்ற வரிசையில் கொலிஸ்டினுக்குப் பக்கத்திலேயே என்ரோஃப்ளாக்சசின் அடங்கும் குயினலோன்களும் மூன்றாம், நான்காம் தலைமுறை செஃபலோஸ்போரின்களும் இருக்கின்றன. கோழியின் உடலுக்குள் போன என்ரோஃப்ளாக்சசினில் ஒரு பகுதி, மனிதருக்குக் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. டைபாய்டுக்கு அந்த மருந்து பலிக்காமல் போனதற்குக் கோழியைக் குற்றம் சொல்ல முடியாது. டைபாய்டு கிருமி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. ஆனால் கோழியிலிருந்து மனிதருக்கு வரும் கேம்பிலோபாக்டர் கிருமி விஷயத்தில் தொடர்பு உறுதியானதால்தான் அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கான என்ரோஃப்ளாக்சசின் அனுமதியை ரத்து செய்தது. பால் மாட்டுப் பக்கமும் இதே கதை. மடிநோய் என்றதும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினான செஃப்ட்ரியாக்சோன் ஊசியில் தொடங்குவது வழக்கமாகிவிட்டது.

செஃபலோஸ்போரினுக்குக் கனடாவின் கியூபெக் மாகாணம் தெளிவான பாடம். அங்கே குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைக்குள்ளேயே செஃப்டியோஃபர் என்ற செஃபலோஸ்போரினைச் செலுத்திவந்தார்கள். அப்போது கடைக் கோழியில் கிடைத்த ஹைடல்பர்க் வகை சால்மொனெல்லாவில் 62 சதவீதம் அதற்கு அடங்கவில்லை. 2005இல் பொரிப்பகங்கள் தாமாகவே நிறுத்தியதும் அது 7 சதவீதமாக இறங்கியது. பிறகு ஓரளவு மீண்டும் தொடங்க, 20 சதவீதமாக ஏறியது. கூடியதும் குறைந்ததும் தெரிந்தது யாரோ ஆண்டுதோறும் கடைக்குப் போய்க் கோழி வாங்கிச் சோதித்து எழுதிவைத்ததால். மருந்துப் பக்கமும் இப்படிக் கணக்கு வைக்கலாம்: டென்மார்க் 2000 முதல் கால்நடைகளுக்கு எழுதப்படும் மருந்தைப் பண்ணைவாரியாகப் பதிவு செய்கிறது.

இங்கேதான் நம் தடை பலவீனமாக நிற்கிறது. 2019க்கு முன் இந்தியப் பண்ணைகளுக்கு எத்தனை டன் கொலிஸ்டின் போனது என்பதற்குச் சீனாவைப் போன்ற பொதுக் கணக்கு நம்மிடம் இல்லை. எவ்வளவு குறைந்தது, அந்த இடத்தை எது எவ்வளவு நிரப்பியது என்பதற்கும் இல்லை. அளவு தெரியாத தடையின் வெற்றியை யாரும் நிரூபிக்க முடியாது, தோல்வியையும் முடியாது. ஒரு மருந்தைப் பூட்டினால் பாரம் அடுத்த மருந்தின் மேல் விழும். அது விழுந்த சத்தம்கூட நமக்குக் கேட்காது.

இன்னொரு திசைதிருப்பலும் நடக்கிறது. பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் பேச்செல்லாம் ‘கறியில் மருந்து எச்சம்’ பற்றித்தான். வாய்வழி கொடுத்த கொலிஸ்டின் குடலைத் தாண்டி உடலுக்குள் ஏறுவது மிகக் குறைவு. அதனால் எச்சப் பரிசோதனையில் கறி சுத்தமாகத் தேறிவிடும். நன்றாக வேகவைத்தால் கிருமியும் செத்துவிடும். ஆபத்து கோழி எருவில் இருக்கிறது. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியோடு அந்த எரு மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் தென்னைக்கும் போகிறது. எரு அள்ளுபவரின் கையில், பச்சைக்கறி நறுக்கிய பலகையில், மழைநீர் ஓடும் வாய்க்காலில் அது இருக்கிறது. எச்ச வரம்பை மட்டும் காட்டி ‘பாதுகாப்பானது’ என்று சொல்வது கேட்காத கேள்விக்குப் பதில்.

ஆகவே என் தீர்ப்பு இது: கொலிஸ்டின் தடை நிலைக்க வேண்டும், தளர்த்தவே கூடாது. ஆனால் அதைப் பொறுப்பான பயன்பாடு என்று அழைப்பதற்கு இன்னும் தகுதி வரவில்லை. என்ரோஃப்ளாக்சசினையும் மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்களையும் மந்தை முழுவதற்கும் முன்னெச்சரிக்கையாகக் கொடுப்பது அடுத்து நிற்க வேண்டும். அவை நோயுற்ற விலங்குக்கு, கல்ச்சர் முடிவோடு, மருத்துவர் சீட்டில் மட்டும். அவசரத்தில் தொடங்கத்தான் வேண்டும் என்றால் பட்டியலின் கீழ்ப்படியிலுள்ள மருந்தில் தொடங்கி, அன்றே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் கோழி நோய் ஆய்வகமும் இருக்கின்றன. அந்தப் பரிசோதனைச் செலவை அரசு ஏற்றால் பண்ணையாளருக்கு மறுக்கக் காரணம் இருக்காது. இவற்றைவிட முந்தியவை அடிப்படைப் பராமரிப்பு வேலைகள்: ஆழ்துளைக் கிணற்று நீரைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்வது, அம்மோனியா தேங்காமல் ஷெட்டில் காற்றோட்டம் வைப்பது, சளி நோய்க்கான தடுப்பூசியை நேரத்தில் போடுவது. ஈ.கோலை பெரும்பாலும் இவை தவறிய பின்தான் நுழைகிறது.

கணக்கெடுப்பைத் தமிழ்நாடு டெல்லிக்காகக் காத்திராமல் தொடங்கலாம். முட்டைக்கோழி நாமக்கல்லைச் சுற்றி, கறிக்கோழி பல்லடத்தைச் சுற்றி என்று தொழில் குவிந்திருக்கிறது. ஒவ்வொரு தீவன ஆலையும் பிரீமிக்ஸில் சேர்த்த மருந்தை பேட்ச்வாரியாகவும், ஒவ்வொரு கால்நடை மருந்துக் கடையும் விற்ற ஆன்டிபயாடிக்கைக் கிலோவாகவும் மாதந்தோறும் கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்தால், முதல் ஆண்டு முடிவிலேயே கொலிஸ்டின் விட்ட இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பது தெரிந்துவிடும்.