காடிழந்தோர் காட்டும் காடு

உகண்டா நாட்டின் தென்மேற்கு எல்லையில், எரிமலைகளின் சாரலிலே, மகிங்கா என்னும் சிறிய தேசிய வனம் உளது. அவ்வனத்திற் பட்வா மக்கள் வழிகாட்டிச் செல்லும் நடைபாதையொன்று 2011ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. கட்டணஞ் செலுத்தி வருவோர்க்கு அவர்கள் கோல் கடைந்து தீ மூட்டிக் காட்டுவர்; கண்ணி அமைக்கும் வகையும், தேனடை தேடும் வகையும், மூலிகைகளின் பயனும் உணர்த்துவர்; வில்லேந்தி வேட்டையையும் நடித்துக் காட்டுவர். நடிப்பன்றி மெய்யாகவே வேட்டையாடுதல் அங்கே குற்றமாகும்.

இந்நிகழ்ச்சியைக் காட்சிச்சாலை எனப் பழிப்பாரும், பண்பாட்டுக்கு மறுவாழ்வு எனப் புகழ்வாரும் உளர். இரு சாராரும் எளிதில் மறந்துவிடுவது, இஃது ஒரு கூத்து என்பதனையே. கூத்தெனின், அதன் களம் யாருடையது, கதை எக்காலத்தது என்னும் வினாக்கள் எழுதல் இயல்பு.

களம் பட்வா மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இடம். மலைக் கொரில்லாக்களைக் காக்கும் பொருட்டு, 1991ஆம் ஆண்டு மகிங்காவும் அதன் வடக்கேயுள்ள புவிண்டியும் தேசிய வனங்களாக்கப்பட்டபோது அவர்கள் வெளியேற்றப்பட்டனர். காட்டை வெட்டிப் பயிரிட்டோர் தம் வயலைக் காட்டி ஈடு கேட்க முடிந்தது. காட்டை வெட்டாது அதனுள் வாழ்ந்தோர்க்குக் காட்டுதற்கு வயல் இல்லை. ஆதலின் பட்வா மக்களுட் பெரும்பாலோர் ஈடின்றி வெளியேறி, அயலார் நிலங்களிற் கூலியாட்களாகவும் ஒண்டுக்குடிகளாகவும் ஆயினர். காட்டைக் கெடுக்காமையே அவர்க்குக் கேடாய் முடிந்தது. அக்காட்டிற் கொரில்லாவை ஒருமணி நேரம் காண்பதற்கு வெளிநாட்டாரிடம் அறவிடப்படும் கட்டணம் 2024ஆம் ஆண்டில் 800 அமெரிக்க டொலராக உயர்த்தப்பட்டது.

கதையின் காலமோ 1991க்கு முற்பட்டது. தோலாடை உடுத்து நின்றவர், வந்தவர் சென்றபின், காட்டுக்கு வெளியேயுள்ள குடிசைக்கே மீளுகின்றார். சுற்றுலா விளம்பரங்களில் மறைந்துவரும் பண்பாடு என்னுந் தொடரைப் பலகாற் காணலாம். இலக்கணம் பயிலும் மாணவர் இத்தொடரை ஊன்றி நோக்குதல் தகும். மறைதல் தன்வினை, கதிரவன் முன்னே பனி மறைவது போலத் தானே நிகழ்வது. பட்வா மக்களுக்கு நேர்ந்ததோ பிறவினை. அதற்கு எழுவாய் உண்டு, ஆண்டு உண்டு, அரசாணையும் உண்டு. பிறவினையைத் தன்வினையாக்கியதும் வினைமுதல் தப்பிவிடுகிறது.

ஆயினும், இக்கூத்தையே ஒழித்துவிடுக என்பார் கூற்று ஏற்புடைத்தன்று. முதியோர் முறைப்படி காட்டினுட் புகுதற்கு எஞ்சியுள்ள சில வழிகளுள் இஃதொன்று. வெளியேற்றத்தின் பின் பிறந்தவர், எம்மரத்தில் தேன் கட்டும், எவ்வேர் பிணி தணிக்கும் என்பவற்றை மரத்தின் கீழ் நின்றே கற்பதற்கு இது வாய்ப்பளிக்கின்றது. கட்டணத்தில் ஒரு பகுதி வழிகாட்டிகளுக்கும் பாடுவோர்க்கும், மற்றொரு பகுதி பட்வா மக்களின் பொதுநிதிக்கும் உரியதென வகுத்துள்ளனர். மேலும், வழிகாட்டிகளுட் சிலர் தாம் வெளியேற்றப்பட்ட வரலாற்றைத் தம் வாயாலேயே உரைக்கின்றனர். அவ்விடத்தில் நடிப்பு நின்று சான்று தொடங்குகிறது.

கூத்தின் சிறந்த கட்டம் கராமா குகையே. அயற்குடியினரோடு பொருத காலத்திற் பட்வா மக்களுக்கு அரணாயிருந்ததெனப்படும் எரிமலைக் குகை அது. அதன் இருளிலே பெண்கள் துயரப் பாட்டொன்று பாடுவர். படம் பிடிக்க வந்தவர்க்கு அங்கே பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. தோலாடையும் வில்லும் தெரியா; குரல் மட்டுமே பாறையில் மோதி மீளும். அதுகாறும் பார்க்கப்பட்டவர்கள் அங்கே கேட்கப்படுகின்றனர். பார்க்க வந்தவரோ தம் காலடியையும் காணாது நிற்கின்றனர். தீக்கோலும் கண்ணியும் இதனோடு ஒப்பிடுகையில் வெறும் பாயிரமே.

இக்கூத்துக்குப் புறத்தே மற்றொரு கதை நடந்துவருகிறது. 2013ஆம் ஆண்டு பட்வா மக்கள் தொடுத்த வழக்கில், உகண்டாவின் அரசமைப்பு நீதிமன்றம் 2021 ஓகஸ்ட் மாதம் தீர்ப்பளித்தது. அவர்கள் நிலமற்றோராக்கப்பட்டமையை ஏற்று, பரிகாரத்தை வகுக்குமாறு கபாலேயிலுள்ள உயர்நீதிமன்றத்துக்கு அது பணித்தது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. தீயும் தேனும் காட்டுமிடத்தில் இத்தீர்ப்பையும் ஒருவர் எடுத்துரைப்பாராயின், கூத்தின் கதை 1991ஐக் கடந்து வரும்.