ஆசிரியன் சாகாத ஆட்டம்

'பழைய ஆளைத் தூக்கியாச்சு. அடுத்து யாரக் கொண்டுவரப்போறாங்க?' அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆட்டங்கள் ஓய்ந்ததும் தொடங்கும் கேள்வி இது. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் என்ற ஒரு பதவியைச் சுற்றி ரசிகர்கள் வளர்க்கும் ஊகங்களை வெட்டிப்பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. இதுவும் ஒரு சொல்லாடல்தான். சிலரை முன்னால் நிறுத்துகிறது, சிலரை மறைக்கிறது.

நமக்குத் தெரிந்த கால்பந்து வேறு. இது கையில் பந்தைச் சுமந்து ஓடி, மோதி, விழுந்து, மறுபடி அணிவகுக்கிற ஆட்டம். தாக்கும் அணியின் 11 பேரும் எங்கே நிற்பது, யாரைத் தடுப்பது என்று ஒவ்வொரு மோதலுக்கு முன்பும் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலான அணிகளில் அதைச் சொல்பவர் இந்த ஒருங்கிணைப்பாளர். ஆட்டத்தை ஒரு பிரதி என்று கொண்டால், ரசிகனுக்கு இவரே அதன் ஆசிரியன். 1967இல் ரொலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். நம் சிறுபத்திரிகைகள் அதைப் பேசிப்பேசி ஓய்ந்தன. அங்கேயோ ஆசிரியன் சாவதில்லை. வேலையை விட்டுத் தூக்கப்படுகிறான், அவ்வளவுதான்.

அலபாமா பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். லேன் கிஃபின் 2014 ஜனவரியில் அங்கே ஒருங்கிணைப்பாளராக வந்தார். 2015 பருவத்தில் அணி தேசியப் பட்டம் வென்றது. அந்தப் பருவத்தில் டெரிக் ஹென்றி என்ற கறுப்பின மாணவர் பந்தை 395 முறை சுமந்து 2,219 கெஜம் ஓடினார். ஆபர்னுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மட்டும் 46 முறை. அவருக்கு ஹெய்ஸ்மன் விருது கிடைத்தது. சம்பளம்? கிடையாது. அன்றைய விதி கல்வி உதவித்தொகையோடு நின்றது.

2017 ஜனவரியில், இறுதிப்போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிஃபின் விலக, ஸ்டீவ் சார்க்கிசியன் பொறுப்பேற்றார். கிளெம்சனிடம் அலபாமா 35–31 என்று தோற்றது. 'கிஃபின் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்' என்பது சுலபமான வாசிப்பு. பிரதி வேறு சொல்கிறது. ஆட்டம் முடிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் இருந்தபோது, முதலாண்டு மாணவர் ஜேலன் ஹர்ட்ஸ் 30 கெஜம் ஓடி அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். ஒரு விநாடி மிச்சமிருக்கையில் புள்ளிகளை விட்டுக்கொடுத்தது தற்காப்பு அணி. தாக்குதல் ஆசிரியனுக்கு அதில் என்ன பங்கு? ஆசிரியனைத் தேடுகிற கண், பிரதியைப் பார்ப்பதில்லை.

வரைபவன் மூளை, சுமப்பவன் உடல் என்ற எதிர்வு இங்கே இயங்குகிறது. இதில் நிறமும் உண்டு. உயர்மட்டப் பிரிவின் ஆட்டக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பர்கள். தலைமைப் பயிற்சியாளர்களில் மிகப் பெரும்பான்மை வெள்ளையர்கள். ஒருங்கிணைப்பாளர் பதவி அந்தத் தலைமைக்கு ஏறும் படி. பெரிய பல்கலைக்கழகங்களில் அதற்கான ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க 2021 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் தர 2025 ஜூலை வரை.

சரி, ரசிகனை மட்டும் திட்டி என்ன பிரயோஜனம்? அவனுடைய அறிவு சாதாரணமானதல்ல. பழைய ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். எந்தத் தனிவிமானம் எந்த ஊரில் இறங்கியது என்பதைக்கூடக் கண்காணித்து, யார் வரப்போகிறார் என்று கணிக்கிறான். டிக்கெட் வாங்குகிறான், நன்கொடை தருகிறான். ஆனால் அலபாமா போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில்கூட, அதன் ஊழியரை நியமிக்கும் முடிவு மூடிய அறையில் நடக்கிறது. அதிகாரம் இல்லாதவனுக்கு ஊகம்தான் பங்கேற்பு. அதை நான் கேலி செய்யமாட்டேன்.

என் சண்டை அவன் கேள்வியோடு. 'யாரக் கொண்டுவரலாம்?' என்று கேட்பவன், 'முடிவெடுக்கிறது யாரு? ஆடுற பசங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?' என்று கேட்பதில்லை. 2021 முதல் ஆட்டக்காரர்கள் ஓராண்டு வெளியே உட்காராமலேயே வேறு கல்லூரிக்கு மாறி ஆடலாம். ஒருங்கிணைப்பாளர் மாறும்போது சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அந்த வெளியேற்றமும் ஒரு விமர்சனம்தான். யார் வருவார் என்று அத்தனை நுட்பமாகக் கணிக்கிற ரசிகன், போகிறவன் என்ன சொல்லிவிட்டுப் போகிறான் என்பதையும் வாசிக்கலாமே.