ஈஸ்வரமூலி தின்னும் ஹெக்டர்

அத்திபெலேயில் கர்நாடகம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. லாரிகளும் பட்டாசுக் கடைப் பலகைகளும் கண்ணை அடைக்கும் இந்த ஓசூர் சாலையில் பட்டாம்பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மனை பிரித்துவிட்டு விற்காமல் கிடக்கும் நிலத்தில் எங்காவது எருக்கஞ்செடி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், செம்மஞ்சள் இறக்கையில் கருப்புக் கரை போட்டு வெள்ளைப் பொட்டு வைத்த வெந்தய வரியன் அதைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளையாருக்கு மாலை கட்டுகிறோமே, அதே எருக்கில்தான் அது முட்டையிடுகிறது. எருக்கம்பாலின் நஞ்சைப் புழுவாக இருக்கும்போதே உடம்பில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை கிட்டே வராது. அந்தத் தைரியம் அதன் பறத்தலில் தெரியும், அவசரமே இல்லை. எகிப்தில் நெபமூன் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில், சுமார் 3,350 ஆண்டுகளுக்கு முன், சதுப்பில் பறவை வேட்டையாடும் காட்சியில் ஓர் ஓவியன் தீட்டிவைத்ததும் இதே பூச்சியைத்தான். அந்தச் சுவர்த்துண்டு இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

நம்முடைய தெய்வங்கள் மயில், மூஞ்சூறு, காகம், நாய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பட்டாம்பூச்சிக்கு மட்டும் வாகன யோகம் வாய்க்கவில்லை. வண்டினத்துக்குக் கிடைத்த மரியாதையில் கால்பங்குகூட இதற்கு இல்லை. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனாரே தும்பியை அழைத்துப் பேசுகிறார். ஸ்ரீசைலத்தில் அம்பாள் பிரமராம்பாளாக வண்டின் பெயரோடு வீற்றிருக்கிறாள். வங்காளிகள்தான் இந்தக் குறையைத் தீர்த்தவர்கள். அவர்கள் மொழியில் பட்டாம்பூச்சியின் பெயரே பிரஜாபதி. அதனால் கல்யாணப் பத்திரிகையின் தலையில் படைப்புக் கடவுளுக்கு வணக்கம் சொல்லி, அருகில் ஒரு பூச்சியையும் அச்சடித்துவிடுகிறார்கள்.

கிரேக்கர்களுக்கு உயிரும் பட்டாம்பூச்சியும் ஒரே சொல்: ப்ஸீக்கே. அதையே பெயராகக் கொண்டு, காதல் தெய்வத்தை மணந்து, மாமியார்க் கொடுமை எல்லாம் பட்டுக் கடைசியில் அமரத்துவம் பெற்ற அந்தப் பெண்ணுக்கு ஐரோப்பியச் சிற்பிகள் சலிக்காமல் இறக்கை ஒட்டினார்கள். எனக்கு அந்தச் சலவைக்கல் அழகி அவ்வளவாக ஒட்டவில்லை. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் வணங்கிய இட்ஸ்பாபலோத்ல் பரவாயில்லை. இறக்கை ஓரங்களில் எரிமலைக் கண்ணாடிக் கத்திகள் பதித்த போர்த் தெய்வம் அவள். பட்டாம்பூச்சியை மென்மைக்கு மட்டும் நேர்ந்துவிடாத கற்பனை.

இந்த ஊர்களில் எல்லாம் தெய்வத்துக்கு இறக்கை முளைத்தது. நேர்மாறாக, இறக்கைமேல் தெய்வங்களையும் காவிய நாயகர்களையும் ஏற்றி உட்காரவைத்த கலை ஒன்று உண்டு. அதன் மூலவர் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். 1758-ல் வெளிவந்த ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பில் பெரிய பட்டாம்பூச்சிகளை இரண்டு படைகளாகப் பிரித்தார். நெஞ்சில் சிவப்பு இருந்தால் டிராய் வீரர், இல்லாவிட்டால் கிரேக்க வீரர். தோற்ற பக்கத்துக்கு ரத்தக்கறை, ஜெயித்த பக்கத்துக்குச் சுத்தமான மார்பு. வகைபிரித்தலுக்கு ஒரு வழி வேண்டும், அதற்கு ஹோமரே போதும் என்று முடிவெடுத்த அந்த மனிதரைப் பூச்சி அறிஞர் என்பதைவிட நல்ல வாசகர் என்பேன்.

அவர் ஹெக்டர் என்று அழைத்தது நம் சிவப்புடல் அழகியை. கருப்பு முன்னிறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டை, பின்னிறக்கையில் குங்குமப் பொட்டுகள், உடம்பில் செக்கச்சிவப்பு. அகிலிஸின் தேரில் கட்டி இழுக்கப்பட்ட வீரனுக்கு இதைவிடப் பொருத்தமான உடம்பு கிடையாது. அதன் புழுக்கள் தின்பது ஈஸ்வரமூலிக் கொடியை, அல்லது ஆடுதீண்டாப்பாளையை. பெயர் டிராயிலிருந்து வந்தாலும் சாப்பாடு ஈஸ்வரன் கணக்கில்தான். நஞ்சும் அங்கிருந்துதான் வருகிறது.

இனி ஹெக்டரின் தம்பி. டிராய் அரசன் பிரியாமின் பிள்ளைகளில் ஒருவன் பொலிட்டீஸ். லின்னேயஸ் அவன் பெயரை வைத்த பூச்சி, நம் வீட்டுக் கறிவேப்பிலை மரத்தையும் எலுமிச்சையையும் மொட்டையடிக்கும் கறிவேப்பிலை அழகி. இதற்கு நஞ்சு கிடையாது. ஆனால் இதன் பெண்களில் ஒரு சாரார் அப்படியே ஹெக்டரைப் போல உடுத்திக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகிறார்கள். தம்பி வீட்டுப் பெண் அண்ணன் கவசத்தை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறாள்! லின்னேயஸ் பெயர் வைத்தபோது இந்த மாறுவேஷம் யாருக்கும் தெரியாது. வேறு வேறு இனம் என்று நினைத்திருந்தவை ஒரே இனத்துப் பெண்கள்தான் என்பதை ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் விளக்கியது 1865-ல். ஹெக்டர் வேஷம் போடும் அந்தப் பெண் வடிவத்துக்கு வைக்கப்பட்ட பெயர் ரோமுலஸ். டிராயிலிருந்து தப்பியவர்களின் வழித்தோன்றல்களே ரோமாபுரியை நிறுவினார்கள் என்பது வெர்ஜிலின் கதை. யாரும் திட்டமிடாமல் கதை தானாகக் கோத்துக்கொண்டு போகிறது. வேஷத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இறக்கையை நகலெடுத்தவளுக்கு உடம்பின் சிவப்பு மட்டும் கைகூடவில்லை, அது கருப்புதான். லின்னேயஸ் சொன்ன நெஞ்சுரத்தத்தைப் போலிசெய்ய முடியவில்லை.

கர்நாடகத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியான பொன்னழகிக்கு மைனோஸ் என்று பெயர். இறந்தவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் பாதாள நீதிபதி. உடன் அமரும் ஏயகஸ், ரடமந்தஸ் ஆகிய இருவரும் இதே பேரினத்தில் வேறு பூச்சிகளாக இருக்கிறார்கள். எமன் சபை முழு கோரத்தோடு நடக்கிறது.

நம்முடைய தெய்வங்களை இந்த ஆட்டத்தில் இழுத்துவிட்டவர்களில் முக்கியமானவர் ஃபிரெடரிக் மூர். லண்டனில் கிழக்கிந்திய கம்பெனி மியூசியத்தில் வேலை பார்த்தவர். கம்பெனிக்கு எதிராக வட இந்தியா கொதித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்த அலுவலகத்தில் உட்கார்ந்து கிருஷ்ணா, துர்கா, தசரதா என்று லத்தீனில் எழுதிக்கொண்டிருந்தார். கிருஷ்ணா பொருந்துகிறது: கருமையின் மேல் பச்சைத்தூள், மயில்பீலி நீலம். மற்றவற்றில் பல, கையில் கிடைத்த புராணத்தைப் புரட்டி ஒட்டிய சீட்டுகள். தசரதன் வியாசர் என்ற பேரினத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். வால்மீகி கோபித்துக்கொள்ள மாட்டாரா?

ஆனால் 1880-ல் மூர் ஒரு பேரினத்துக்குத் திருமலா என்று பெயர் வைத்தாரே, அதற்காக மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். நீல வரியன் அதில் சேர்ந்தது. கோடை மழைக்கு முன்பின்னாக மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்குச் சமவெளிக்கும், ஐப்பசி வாக்கில் திரும்ப மலைக்கும் கூட்டமாக வலசை போகும் பூச்சி. பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு மேலே அந்த ஊர்வலம் போகும். எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசையில் நிற்க, திருமலா எந்த மாநிலத்துக்கும் வரி கட்டாமல் தலைக்குமேல் கடந்துவிடும். கூடவே வரும் கருப்பு நிறப் பூச்சியின் பேரினம் யூப்ளோயா. நல்ல கடற்பயணம் அருள்பவள் என்று அப்ரோதித்தேவுக்கு இருந்த பெயரும் அதுதான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமானால் கிலுகிலுப்பைச் செடி பக்கம் போங்கள். காய்ந்த தண்டைக் கீறிச் சாறு குடித்துக்கொண்டு கொத்துக்கொத்தாகத் தொங்கும். ஆனேக்கல் வழியாகப் பன்னேருகட்டாவுக்குப் போனால் 2006-ல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்காவின் கூண்டுக்குள் பார்க்கலாம்தான். எனக்குக் கிலுகிலுப்பைதான் பிடிக்கும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் அழகி, வரியன் என்று கண்ணில் பட்டதைச் சொல்லிவிட்டுத் தெய்வங்களைத் தொந்தரவு செய்யாமல் விடுகிறார்கள். பெரும்பாலும் அது எனக்கு உகந்ததே. ஓரிடத்தில் மட்டும் மனத்தாங்கல் உண்டு. 2019-ல் தமிழ்நாடு அரசு மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது தமிழ் மறவனை. செம்மஞ்சள் இறக்கை, கருகினாற்போன்ற ஓரம். 1787-ல் பூச்சி அறிஞர் ஃபாப்ரீசியஸ் அதற்கு வைத்த பெயர் தாயிஸ். அலெக்சாந்தரோடு படையெடுப்பில் வந்து, பெர்சிபோலிஸ் அரண்மனையைக் கொளுத்தத் தூண்டியதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஏதென்ஸ் கணிகை. கணிகையும் உண்டு, எரிந்த அரண்மனையும் உண்டு, இறக்கை ஓரத்தில் கரியும் உண்டு; சிலப்பதிகாரம் படித்த ஊரில் இதற்கு எதற்கு மறவன்? என்னைக் கேட்டிருந்தால் கண்ணகி என்று எழுதிக் கொடுத்திருப்பேன்.