தோட்டப் பாடசாலையும் பரந்த கலைத்திட்டமும்: ஒரு விமர்சன நோக்கு

ஆரம்பப் பாடசாலையிற் பிள்ளை எதைக் கற்றல் வேண்டும் என்ற வினா மலையகத்தில் முதன்முதல் எழுந்தபோது, அதற்கு விடை கூறும் பொறுப்புக் கல்வியாளரிடம் இருக்கவில்லை. 1907 ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரையின் மீதே சுமத்தியது. வாசிப்பு, எழுத்து, எண் ஆகிய மூன்றுக்கும் அப்பால் எதனையும் புகட்டும் நோக்கம் துரைமாருக்கு இருக்கவில்லை. கொழுந்து பறிக்கும் கைக்கு வரலாறும் விஞ்ஞானமும் ஏன் என்பதே அக்காலத்து நிருவாகத்தின் மனப்பாங்கு. ஆகவே, கலைத்திட்டத்தின் ஒடுக்கம் மலையகத்தில் வறுமையினால் மட்டும் நேர்ந்ததன்று. தொழிலாளரைத் தொழிலாளராகவே வைத்திருக்கும் கொள்கையின் ஓர் அங்கமாகவும் அது விளங்கிற்று. பரந்த கலைத்திட்டத்தை வெறும் கற்பித்தல் நுட்பமாகக் கருதுவோர் இவ்வரலாற்றைத் தவறவிடுகின்றனர்.

பின்வந்த சீர்திருத்தங்களும் தோட்டத்தின் எல்லையில் நின்றுவிட்டன. 1945 இன் இலவசக் கல்வியின் பயன் தோட்டப் பிள்ளைகளை முழுமையாக எட்டவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையாக்கப்பட்டபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன. இதனினும் பெரிய முரண்பாடு 1972 இல் நிகழ்ந்தது. பாடங்களைத் தனித்தனியே பிரிக்காது, பிள்ளையின் சூழலை மையமாகக் கொண்டு அவற்றை இணைத்துக் கற்பிக்கும் ஒன்றிணைந்த கலைத்திட்டம் ஆரம்ப வகுப்புகளில் அவ்வாண்டிலேதான் புகுத்தப்பட்டது. அத்திட்டம் நாட்டின் ஏனைய பகுதிகளில் நடைமுறைக்கு வந்த காலத்தில், பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் இன்னமும் தோட்ட நிருவாகத்தின் கீழ் ஓரிரு ஆசிரியரோடு இயங்கின. 1977 இலிருந்து அவை படிப்படியாக அரசினாற் பொறுப்பேற்கப்பட்ட பின்னரே பரந்த கலைத்திட்டம் என்ற சொல்லுக்கு மலையகத்திற் பொருள் ஏற்பட இடம் பிறந்தது.

1990களின் இறுதியில் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் தாய்மொழி, கணிதம், சமயம் என்பவற்றோடு சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளையும் ஒரு பாடமாக நிறுவியது. விஞ்ஞானம், சமூகவியல், அழகியல், வாழ்க்கைத் திறன் ஆகியன அதனுட் கலந்து நிற்கின்றன. கருத்தளவில் இது பாராட்டத்தக்கது. பிள்ளை தன் சூழலை அவதானித்து அறிவைப் பெறும் என்ற அதன் அடிப்படையைக் குறைகூற யாரும் முன்வரார். வினா, எவருடைய சூழல் என்பதாகும்.

வட்டவளைக்கும் ஹற்றனுக்கும் இடையே இருப்புப் பாதையோரத்தில் அமைந்த றொசல்லவை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் மிகுமழைப் பிரதேசங்களுள் ஒன்று இது. ஹற்றன் மலைத்தொடரின் ஒருபுறத்து நீர் மகாவலியோடு சேர்ந்து திருகோணமலைப் பக்கம் கடலை அடைகின்றது. மறுபுறத்து நீர் களனியாகிக் கொழும்பிற் கலக்கின்றது. வகுப்பறை யன்னலுக்கு வெளியே பெய்யும் ஒரே மழை இரு திசைக் கடல்களுக்குப் போவதை அறிவதைவிடச் சிறந்த புவியியற் பாடம் அப்பிள்ளைக்கு வேறென்ன உண்டு? ஆயின் பாடநூல்களின் பொதுவான உலகம் வயலும் குளமும் தனிவீடும் கொண்ட கிராமமாகவே இருந்து வருகின்றது. 'தோட்டம்' என்ற ஒரு சொல்லே இவ்விடைவெளியைப் புலப்படுத்தப் போதுமானது. நூலில் அது வீட்டின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தி. லயத்திற் பிறந்த பிள்ளைக்கோ அது உலகம் முழுவதும்.

கணிதத்திலும் இதே நிலைமைதான். பிரட்டுக்களம், செக்றோல், கொழுந்து மடுவம் என்பன தோட்டத்துப் பிள்ளை தினமும் கேட்கும் சொற்கள். குறித்த அளவு கொழுந்து பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர் என்பது அதன் தாயின் நாட்கணக்கு. நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படும் கிலோக்கள் கழித்தலுக்கு எத்துணை உயிருள்ள உதாரணம்! இக்கணக்கைக் கற்பிக்கும் ஆசிரியர் எண்ணை மட்டுமன்றி நியாயத்தையும் கற்பிக்க நேரும் என்பது உண்மை. அதனாலேயே அது நூலில் இடம்பெறவில்லைப் போலும். அழகியலை நோக்கின், காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் மலையகத்திற் கண்கூடாக நிற்கும் கலைச்செல்வங்கள். தப்பின் தாளத்தைக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்குத் தாளம் என்பது புதிய பாடமாக முன்வைக்கப்படுவது விந்தையே.

எனினும், சூழலுக்கேற்ற கல்வி என்ற முழக்கத்தை எல்லையின்றி ஏற்பதும் ஆபத்தானது. 1930களில் பேராதனைக்கு அண்மையில் உருவான ஹந்தெஸ்ஸ கிராமியக் கல்வித் திட்டம் உழவையும் கைப்பணியையும் கலைத்திட்டத்தின் நடுவே வைத்தது. அதனைப் பெற்றோர் ஏற்கவில்லை. ஆங்கிலக் கல்வியின் கதவைத் தம் பிள்ளைகளுக்கு மூடும் தந்திரமாகவே அதைக் கண்டனர். 1953 இற் சென்னை மாநிலத்தில் இராஜாஜி கொண்டுவந்த அரைநாட் பள்ளித் திட்டம், எஞ்சிய நேரத்திற் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டுமென்றது. குலக்கல்வி எனப் பெயர்பெற்று எதிர்க்கப்பட்ட அத்திட்டத்தை 1954 இற் காமராசர் அரசு கைவிட்டது. தேயிலையைப் பற்றியே கற்கும் தோட்டப் பிள்ளை தேயிலையிலேயே நின்றுவிடுமாயின், அது 1907 இன் துரைமார் விரும்பியதை வேறு வழியால் நிறைவேற்றுவதாக முடியும். கொழுந்து மடுவத்திலிருந்து தொடங்கும் பாடம் கொழும்பு ஏல விற்பனை வரையும், அதற்கப்பாலும் செல்லாவிடின் அதனைப் பரந்த கலைத்திட்டம் என அழைத்தல் தகாது.

இத்தகைய பாடத்தை நடத்துவோர் யார் என்பதே அடுத்த இடர். பத்தனையில் 1990களின் தொடக்கத்தில் ஜேர்மன் உதவியுடன் உருவான ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி பயிற்றப்பட்ட ஆசிரியர் பலரை மலையகத்திற்குத் தந்துள்ளது. அவர்களுட் பலர் லயத்திலிருந்தே வந்தவர்களாதலால் மேற்கூறிய சொற்களை அகராதியிற் தேட வேண்டியதில்லை. ஆயினும் சிறிய ஆரம்பப் பாடசாலையில் இரு தரங்களை ஓரறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியர், நேரம் போதாத இடத்தில் முதலிற் கைவிடுவது சித்திரத்தையும் பாட்டையும்தான். ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எஞ்சியதையும் விழுங்குகின்றது. தோட்டத்தைவிட்டு நல்ல பாடசாலைக்குச் செல்லும் வாயில் அது ஒன்றே எனக் கருதும் பெற்றோரைக் குறைகூறுதல் அநீதி. எழுத்து வினாத்தாளில் விடையளிக்க இயலாத எதற்கும் நான்காந் தரத்தின் பின் நேரசூசியில் உயிர் இருப்பதில்லை.

இருப்புப் பாதை 1884 இலேயே ஹற்றனை அடைந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள் சங்கீத ஆசிரியர் ஒருவர் வட்டவளையிலிருந்து றொசல்லவிற்கு வந்துபோக வழி உண்டு. மாணவர் தொகையைக் கொண்டு ஒவ்வொரு பாடசாலைக்கும் தனித்தனியே ஆளணி கணிக்கும் இன்றைய ஒழுங்கில், நாலைந்து சிறு பாடசாலைகள் அவரைத் தமக்குள் பகிர்ந்துகொள்ள இடமளிக்கும் ஒரு சுற்றறிக்கைதான் இன்னும் வேண்டியிருக்கின்றது.