வாயால் சமைத்தவர்கள்

அவித்த முட்டையைப் பாதியாக வகுந்து, மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்த்து, வெண்ணெயும் உப்பில் ஊறிய நெத்திலியும் கடுகு விழுதும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பிசைந்து, மறுபடி வெள்ளைக் குழியில் நிரப்ப வேண்டும். இதுவரை யாரும் சொல்லித்தரக்கூடிய பக்குவம்தான். இதற்கு அடுத்து மினா பெக்டர் எழுதியிருப்பதில்தான் நான் சொக்கிப்போகிறேன். மேலே என்ன அலங்காரம் செய்வது என்பதைச் சமைப்பவரின் கற்பனைக்கே விட்டுவிடுகிறார்.

அப்போது அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. இருந்த இடம், பிராக் நகருக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின். முட்டையை அங்கே யார் கண்டார்கள்? தண்ணீராக ஓடும் சூப்பும் கொஞ்சம் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். அதிலும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கூடுதலாகக் கொடுப்பதற்காக முதியவர்களின் பங்கு குறைக்கப்பட்டது. ஏறக்குறைய 33,000 பேர் அந்த ஊரிலேயே மாண்டார்கள். மினாவும் 1944-இல், யோம் கிப்பூர் நோன்பு நாளில் போய்ச்சேர்ந்தார்.

அந்தப் பட்டினியில்தான் பெண்கள் கூடி உட்கார்ந்து கேக்குக்கும் கொழுக்கட்டைக்கும் பக்குவம் பேசினார்கள். எந்த முறை சரி என்று வாதாடவும் செய்தார்கள். வாயால் சமைப்பது என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பேசியதைப் பல கைகள் ஜெர்மன் மொழியில் எழுதி, தாள்களைக் கையாலேயே தைத்து ஏடாக்கின. பழைய செக், ஆஸ்திரிய வீடுகளின் கைமணம் முழுக்க அதில் இருக்கிறது.

இதனால் காயம் ஆறியது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று சொல்வேன்: பக்குவம் எழுதுகிறவர், யாரோ ஒருவர் அடுப்பு மூட்டப்போகிறார் என்று நம்பித்தான் எழுதுகிறார். வீடு, பாத்திரம், விருந்தாளி எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும், தன் கைக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லித்தரும் இல்லத்தரசியாக மினா அந்த வரிகளில் நிமிர்ந்து நிற்கிறார். அந்த நம்பிக்கையை அன்றாட வேலையாக வைத்துக்கொண்டதே அவர்களைத் தாங்கியது என்று நினைக்கிறேன்.

இறக்கும் முன் மினா ஏட்டை ஒரு நண்பரிடம் கொடுத்து, மகள் ஆனியிடம் சேர்க்கச் சொன்னார். அது கைமாறிக் கைமாறி நியூயார்க்கில் இருந்த மகளை அடைய சுமார் 25 ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும் ஆனிக்கு அதைப் பிரித்துப் பார்க்க நெடுங்காலம் மனம் துணியவில்லை. காரா டி சில்வா பதிப்பித்து, 'இன் மெமரீஸ் கிச்சன்' என்ற பெயரில் 1996-இல் நூலாக வந்தது.

சில குறிப்புகளில் ஒரு பொருள் விடுபட்டிருக்கும். சிலவற்றில் ஒரு படியே காணாமல் போயிருக்கும். மொழிபெயர்த்த பியாங்கா ஸ்டைனர் பிரவுன் தெரேசினில் இருந்து மீண்டவர், சமையலும் நன்கறிந்தவர். அந்த இடைவெளிகளை நூலில் இட்டு நிரப்பவில்லை. சமைக்கத் தெரிந்தவர்களின் கை திருத்தத் துடிக்கும் இடங்கள் அவை. திருத்தாமல் விட்டதற்காகவே அந்தப் பதிப்பைக் கொண்டாடுகிறேன். பசித்த நினைவு எங்கே தடுமாறியது, எங்கே தெளிவாக நின்றது என்பது அங்கேதான் தெரிகிறது. லின்சர் டோர்ட் என்ற ஆஸ்திரியக் கேக்கைச் சுட்டுப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வேறு நூலை எடுத்துக்கொள்ளலாம்.