புற்றுக்காளானும் பத்தியக் கறியும்

ஐப்பசி பிறந்து மழை இறங்கினால் யாழ்ப்பாணத் தீவகத்துப் பனங்காணிகளில் ஈரம் ஊறும். இடி முழங்கிய மறுநாள் காளான் முளைக்கும் என்பது ஊர்ப் பேச்சு. விடியவே பெட்டியோடு போகும் பெண்ணுக்கு எந்தப் புற்றடியில் தேட வேண்டும் என்று தெரியும். காம்பின் அடியை மெல்லக் கிளறிப் பார்ப்பாள். அது வேர்போல மண்ணுக்குள் நீண்டு போனால் பெட்டிக்குள் போகும். மேலோட்டமாகப் பெயர்ந்து வந்தால் நாய்க்குடை என்று எறிந்துவிடுவாள். தாயும் பேத்தியாரும் பறித்துத் தின்ற இடமா என்பது அதைவிட முக்கியம். புது இடத்தில் எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு கொழுத்து முளைத்திருந்தாலும் கை வைக்கமாட்டாள்.

இந்த வழக்கத்துக்குப் பின்னால் உறுதியான இயற்கை அறிவு இருக்கிறது. கறையான் தான் தின்ற மரத்தூளையும் சருகையும் கொண்டு புற்றுக்குள் ஒரு தோட்டம் கட்டி, அதில் பூஞ்சணம் வளர்க்கிறது. மழைக்கு அந்தத் தோட்டத்திலிருந்து எழும் காளான் மண்ணைத் துளைத்து மேலே வருகிறது. காம்பு அவ்வளவு ஆழம் போவது அதனால்தான். பேராதனையில் பணியாற்றிய பூஞ்சணவியலாளர் தொம் பெட்ச் 1906இல் இலங்கைக் கறையான் புற்றுகளின் பூஞ்சணங்களைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் எழுதியதன் ஒரு பகுதியை நம் ஆச்சிமார் தங்கள் விரல்நுனியில் வைத்திருந்தார்கள்.

ஆனால் அதே அடுப்படியில் வேறு பேச்சுகளும் உலவுகின்றன. உள்ளி போட்டு அவித்தால் நஞ்சு தெரியும், வெள்ளிக் காசு கறுக்கும், அணில் கடித்தது கெடுதல் செய்யாது என்பார்கள். இவை மூன்றும் பிழை. கொல்லும் காளான்களில் இருக்கும் அமாற்றொக்சின் என்ற நஞ்சு உள்ளியின் நிறத்தை மாற்றாது. எவ்வளவு கொதித்தாலும் அழியாது. உண்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு, சில வேளை ஒரு நாள் கழிந்துதான், வயிற்றோட்டமும் வாந்தியும் தொடங்கும். பிறகு சுகமானதுபோல ஒரு தோற்றம் காட்டி, அதற்குள் ஈரலை அழித்துவிடும்.

சரியான விதியும் பிழையான விதியும் ஒரே வாயிலிருந்து, ஒரே உறுதியோடு வருகின்றன. தீவகப் பெண்களின் கைவைத்தியம் முழுவதையும் எடைபோட இதையே அளவுகோலாகக் கொள்கிறேன். அதை அப்படியே போற்றுவதும் அப்படியே தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரண்டு வடிவங்கள். எது எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் பலம். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் இன்றும் குறிகட்டுவான் துறையிலிருந்து கடல்வழிதான். காற்றுக் கிளம்பினால் படகு நிற்கும். மருத்துவமனை கடலுக்கு அப்பால் இருந்த காலம் முழுவதும் முதல் மருந்து அடுப்படியிலிருந்தே வந்தது. காய்ச்சலுக்கு மல்லிக் குடிநீர், சளிக்குத் தூதுவளை, உடல் நோவுக்கு நொச்சியிலை வேது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு மருந்தகம் இருந்தது.

அதன் உச்சம் பிள்ளைப்பேற்றுப் பராமரிப்பு. மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி எல்லாம் அம்மியில் அரைத்த சரக்கில் சின்ன மீன் போட்டுக் கறி, பால் சுரக்கச் சுறா வறை, முருங்கையிலை, இலைகள் அவித்த வெந்நீரில் குளிப்பு. மீனில் புரதமும் முருங்கையிலையில் இரும்புச் சத்தும் இருப்பதை எவரும் மறுக்க முடியாது. அதைவிடப் பெரிய மருந்து ஒன்று அந்த முறைக்குள் ஒளிந்திருந்தது. முப்பத்தொரு நாள் பிள்ளை பெற்றவள் வேலை செய்யக்கூடாது. கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் ஓயாமல் நடந்த உடம்புக்குத் துடக்கு என்ற பெயரில் ஓய்வு கிடைத்தது. தாயும் மாமியும் பக்கத்தில் இருந்தார்கள். விலக்கிவைப்பதற்கென்று வந்த ஒரு வழக்கத்தைப் பெண்கள் ஓய்வாக மாற்றிக்கொண்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

செய்முறை நுணுக்கத்தையும் சாதாரணமாக எண்ணக்கூடாது. சீனாவில் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடியபோது பழைய ஏடொன்றில், மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி எழுதியிருந்ததைக் கவனித்தார். சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று அதிலிருந்து ஊகித்தார், ஆட்டெமிசினின் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசும் வந்தது. அவிப்பதா, இடிப்பதா, வெறுமனே பிழிவதா என்று ஆச்சி சொல்லும் சிறு வேறுபாட்டில் பெரிய செய்தி இருக்கலாம். தூ யூயூ ஏட்டை நம்பினார். நம்பியதைச் சோதித்தும் பார்த்தார். நம்மிடம் இல்லாதது இந்த இரண்டாவது படி.

குறை அங்கேதான் தொடங்குகிறது. கைவைத்தியம் தன் தோல்விகளை எண்ணுவதில்லை. சுகமானவர் கதை ஊரெல்லாம் நடக்கும். சுகமாகாதவர் கதை விதியோடு முடிந்துவிடும். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அன்றும் வீடுகளில் சரக்கு அரைத்தார்கள். அந்த எண் பின்னர் நூற்றுக்கும் கீழே இறங்கியதற்குக் காரணம் பயிற்சி பெற்ற குடும்பநல மாதுகளும், மலேரியா ஒழிப்பும், குருதி ஏற்றவும் சத்திரசிகிச்சை செய்யவும் வசதியுள்ள இலவச மருத்துவமனைகளும்தான். சரக்குக்கறி பெற்றவளைத் தேற்றும்; பெருகும் குருதியை நிறுத்தாது.

அதைவிட என்னை உறுத்துவது பத்தியம் என்ற சொல். மருந்து பலித்தால் புகழ் மருந்துக்கு. பலிக்காவிட்டால் பழி பெண்ணுக்கு. அவள் பத்தியம் முறித்தாள், தலையில் தண்ணீர் வார்த்தாள், பழம் தின்றாள். பிழைக்கு வேறொருவர் எப்போதும் தயாராக இருக்கும் முறைக்குத் தன்னைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இப்படித்தான் நின்றது. பாலூட்டும் உடம்புக்கு வேண்டியதே தண்ணீர்தான்.

பச்சைக் குழந்தையின் நாக்கில் உரைமருந்து தடவுவதும் அவ்வாறே. முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும் போதும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உரைமருந்தில் சேரும் வசம்பிலுள்ள அசரோன் என்ற சேர்மம் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதைக் கண்டு, அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. வேறு மூலிகைகளிலும் இந்தக் கேடு உண்டு: பாம்புக்கடிக்குப் பேர்போன ஈசுரமூலியின் இனத்தில் சிறுநீரகத்தைச் சிதைக்கும் அமிலம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகை உண்ட பெண்கள் பலர் அந்த அமிலத்தால் சிறுநீரகங்களை இழந்தார்கள்.

தீவகத்துக்கே உரிய இன்னொரு கேடு இடப்பெயர்வு. 1990, 1991இல் ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு மக்கள் பெருவாரியாக ஊரைவிட்டுப் போனார்கள். பனங்காணியின் புற்றை அறிந்த கண், வன்னிக் காட்டு மரத்தடியில் எதை நம்பும்? கனடாவிலும் ஜேர்மனியிலும் இலையுதிர் காலக் காட்டில் எதை நம்பும்? 2015இல் ஜேர்மனிக்கு வந்த சிரிய அகதிகள் ஊரில் உண்ட காளானென்று எண்ணிக் கொடிய நச்சுக்காளானை உண்டார்கள். மருத்துவர்கள் பல மொழிகளில் எச்சரிக்கை ஒட்ட வேண்டியதாயிற்று. அவர்களுக்கு அறிவு இருந்தது. அந்த அறிவு வேறொரு மண்ணுக்கு உரியது. நம்மவரிடமும் ஊரறிவு பயன்படாத அந்த வெற்றிடத்துக்குள் இன்று புட்டியில் அடைத்த காளான் குளிசைகள் புகுந்திருக்கின்றன. ஜப்பானில் காளான் சாறு ஒன்று புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 1977இலேயே அனுமதி பெற்றது உண்மை. அது அளந்து, மற்றச் சிகிச்சையோடு சேர்த்துக் கொடுத்த மருந்து. அந்தப் பெயரைச் சொல்லிச் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர் பெண்களின் நம்பிக்கையைத் திருடுகிறார்.

தீர்வுக்கு ஒரு முன்மாதிரி புங்குடுதீவார் பலர் வாழும் சுவிற்சர்லாந்திலேயே உண்டு. அங்கே காட்டில் பறித்த காளானை ஊர்ப் பரிசோதகரிடம் கொண்டுபோய்க் காட்டலாம். அவர் ஒவ்வொன்றாய்ப் பார்த்து ஆகாததை ஒதுக்குவார். பறிப்பவரின் அறிவுக்கு அதில் அவமதிப்பு ஏதுமில்லை. நம் கைவைத்தியத்துக்கும் அப்படியொரு மேசை வேண்டும். ஏழாலை ஐ. பொன்னையா பதிப்பித்ததால் பரராசசேகரம் என்ற பழைய மருத்துவ நூல் அச்சில் நிற்கிறது. பரிகாரிமாரின் ஏடுகள் தப்பின. மருத்துவிச்சிமாரும் ஆச்சிமாரும் வாயால் சொன்னதைத் தொகுக்க ஒரு பொன்னையா வரவில்லை. கைதடியில் சித்த மருத்துவம் பயிலும் மாணவர்களும் தீவுகளின் குடும்பநல மாதுகளும் சேர்ந்து இந்த வேலையைத் தொடங்கலாம். எந்த இலை, எந்த மண், எவ்வளவு, எப்படி என்று எழுதும்போதே எப்போது பிழைத்தது, ஆருக்குக் கேடு செய்தது என்றும் கேட்டு எழுத வேண்டும்.

கேட்டால் சொல்வார்கள் என்றே நம்புகிறேன். ஏனெனில் புற்றடியில் நிற்கும் அந்தப் பெண்ணிடம் இதற்கு வேண்டிய ஒழுக்கம் ஏற்கெனவே இருக்கிறது. ஐமிச்சம் வந்தால் எறிந்துவிட்டு வெறும் பெட்டியோடு வீடு திரும்புகிறாள். அதை அவள் தோல்வியாக எண்ணுவதில்லை. காளானில் காட்டும் அந்தக் கவனத்தைக் குழந்தையின் நாக்கில் தடவும் வசம்பிலும் பெற்றவளுக்குக் கொடுக்கும் தண்ணீரிலும் காட்டினால் போதும்.